பச்சோந்தியின் வருகைப்பதிவு

ஒரு காட்டில் பதினெட்டு நாள் விடாமல் பெய்த மழையில் பள்ளிக்கூட மரம் வேரோடு ஆற்றில் போய்விட்டது. குட்டிகளெல்லாம் லீவு என்று குதித்தன. பாவம், மறுநாளே கொக்கு வாத்தியார் வீட்டுக்கு வீடு ஒரு செல்போனைக் கொடுத்துவிட்டார்.

"இனி வீடியோவில்தான் வகுப்பு. கட்டத்துல முகம் தெரிஞ்சா வருகை, தெரியலன்னா ஆப்சென்ட். பன்னிரண்டு நாளுக்கு மேல ஆப்சென்ட் ஆனா பரீட்சை கிடையாது. அடுத்த வருஷம் தலைப்பிரட்டைகளோட உட்கார வேண்டியதுதான்."

முதல் நாள் கழுதை மைக்கை அணைக்காமல் கொட்டாவி விட்டதில் எல்லாக் கட்டமும் அதிர்ந்தது. குரங்கு சிக்னலுக்காகப் பனை உச்சிக்குப் போய்விட்டது. வகுப்பு முழுக்க அதன் மூக்குத் துவாரம்தான் தெரிந்தது.

"வண்ணமுத்து!" என்று பச்சோந்திக் குட்டியைக் கூப்பிட்டார் வாத்தியார்.

"உள்ளேன் ஐயா!"

"குரல் வருது, ஆளைக் காணோமே. கேமராவைப் போடு."

"போட்டுத்தான் சார் இருக்கேன்."

"ஒரு இலைதானே தெரியுது?"

"அந்த இலைக்கு நேர் கீழ முழிக்கிறேன் பாருங்க சார்!"

வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். ஆப்சென்ட் போட்டார்.

மறுநாள் வெள்ளைப் பாறை முன்னால் உட்கார்ந்தான், வெள்ளையாகிவிட்டான். அடுத்த நாள் அம்மா அவனுக்குப் பின்னால் செம்பருத்திப் பூக்களைச் செருகினாள்; சிவந்துவிட்டான்.

"மாறாம இருடா!"

"நான் எங்க மாத்துறேன்மா, அதுவா மாறுது!"

பக்கத்துக் கட்டத்திலிருந்து அணில் வாய் நிறையக் கொட்டையோடு கத்தியது: "சார், அவன் வரவே இல்ல சார்!"

பன்னிரண்டு நாள் இப்படியே போனது. வண்ணமுத்து அழுதான். கண்ணீர் மட்டும் அந்தரத்தில் வழிந்தது. அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. பள்ளியில் சேர்க்கும்போது எடுத்த போட்டோவைத் தேடி எடுத்தாள். அதில் அவன் பளிச்சென்ற பச்சையில் இருந்தான். வேப்பம்பிசின் தடவி, கேமராவுக்கு எதிரே ஒட்டினாள். வண்ணமுத்து அதற்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு வரி விடாமல் பாடம் கேட்டான்.

"அடடே, வந்துட்டியா!" என்றார் வாத்தியார்.

படம் கொட்டாவி விடவில்லை. ஒன்றுக்குப் போக வேண்டும் என்று விரல் காட்டவில்லை.

"டேய் அணிலே, அவனைப் பார்த்துக் கத்துக்கோ. கண்ணைக்கூடச் சிமிட்டாம கவனிக்கிறான் பார்!"

மாதக் கடைசியில் படம் வகுப்புத் தலைவன் ஆகிவிட்டது.

மழைக்காலம் முடிந்தது. பரீட்சை ஆலமரத்தடியில் நேரில் நடந்தது. எல்லாப் பாடமும் தலைகீழாகத் தெரிந்த தைரியத்தில் வண்ணமுத்து முதல் ஆளாகப் போய் நின்றான். கீழே செம்மண். அவனும் செம்மண்.

"யாருப்பா நீ?"

"வண்ணமுத்து சார்."

"பொய் சொல்லாதே. அவனை எனக்குத் தெரியாதா? பச்சையா இருப்பான். இப்படி எதிர்த்துப் பேசவும் மாட்டான்."

அம்மா வீட்டுக்கு ஓடி போட்டோவைக் கொண்டுவந்து, இதுவும் அவனும் ஒன்றுதான் என்று காட்டினாள். வாத்தியார் முகம் மலர்ந்தது.

"வா தம்பி, வா! ஏன் இவ்வளவு லேட்?"

போட்டோவை வாங்கி முதல் வரிசையில் உட்கார வைத்தார். வண்ணமுத்து வெளியே நின்று எல்லாக் கேள்விக்கும் மரத்திடம் விடை சொன்னான்.

முடிவு வந்தது. கழுதை பதினாறு பக்கம் எழுதி, பதினாறும் தப்பு. படத்தின் தாளில் ஒரு பிழைகூட இல்லை. ஏனென்றால் ஒரு எழுத்தும் இல்லை. முதல் பரிசு படத்துக்கு!

"பரிசை வாங்க வீட்டுப் பெரியவங்க கையெழுத்துப் போடணும்," என்றார் வாத்தியார். அம்மாவுக்குக் கையெழுத்து வராது. வண்ணமுத்து முன்னால் வந்தான்.

"நீங்க யாரு?"

அவன் ஒரு நிமிஷம் யோசித்தான். தலைப்பிரட்டைகளையும் நினைத்துப் பார்த்தான்.

"பையனோட சித்தப்பா சார்."

"நல்ல பிள்ளை சார் உங்க பிள்ளை. அவன்கிட்ட நீங்களும் கொஞ்சம் கத்துக்கலாம்."

பெருமையில் வண்ணமுத்து போட்டோவில் இருந்த அதே பச்சைக்கு மாறினான். யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் போட்டோவுக்குக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

நீதி: நன்றாகப் படியுங்கள், தப்பில்லை. பரீட்சைக்கு மட்டும் போட்டோவை அனுப்பிவிடுங்கள்.