ஓயாச் சக்கரத்துக்கு ஒரு நற்சான்று

உலகத்தின் மின்சாரக் கவலை சென்ற ஆவணியோடு தீர்ந்துவிட்டது. ஐந்து கண்டத்து விஞ்ஞானிகளும் தலையைப் பிய்த்துக்கொண்ட விஷயத்தைத் துடியலூரில் ஒரு தகரக் கொட்டகைக்குள் பாலுசாமி முடித்துவைத்துவிட்டார். மோட்டார் சக்கரத்தைச் சுழற்றும். சக்கரம் டைனமோவைச் சுழற்றும். டைனமோ தருகிற கரண்டில் மோட்டார் ஓடும். மிச்சக் கரண்டில் ஊரே வெளிச்சமாகும். தொடங்கிவைக்க மட்டும் ஒரு கார் பேட்டரி. 'ஓயாச் சக்கரம்' என்று பெயர் வைத்து, ஃப்ளெக்ஸும் அடித்தாயிற்று.

இதை 'ஆய்வு' செய்து நற்சான்று வழங்க அழைக்கப்பட்டவர் சுரேந்தர். பாலிடெக்னிக்கில் முப்பத்தொரு வருஷம் மின்னியல் நடத்தி ஓய்வு பெற்றவர். ஆற்றலைப் புதிதாக ஆக்க முடியாது என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதி, பரீட்சையில் அதை மாற்றி எழுதிய பையன்களை ஈவிரக்கமில்லாமல் ஃபெயிலாக்கியவர். சும்மா சொல்லக்கூடாது, அவருக்கு வீட்டிலிருந்து கிளம்பும்போது எந்தச் சந்தேகமும் இல்லை.

கேட்டருகில் பாலுசாமியின் மனைவி சாந்தாமணி அவரை நிறுத்தினார். வெள்ளகோவிலில் சாந்தாமணிக்கு அவருடைய அப்பா எழுதிக்கொடுத்த மூன்று ஏக்கர் விவசாயக் காட்டை விற்று, பெருந்துறையில் ஃபேக்டரி போடுவதாகக் கணவரின் திட்டம். நாளைக்கே கிரயம்.

"சார் ஓடும்னு சொன்னா கையெழுத்துப் போடறேன்னு வாக்குக் குடுத்துப்போட்டேனுங்க. நீங்க படிச்சவுங்க. ஓடாதுன்னு ஒரே வார்த்தை சொல்லிப்போடுங்க, போதும்."

சொல்லிவிடுகிறேன் என்றார் சுரேந்தர். சத்தியமாக, மனதாரச் சொன்னார்.

கொட்டகைக்குள் 'நிபுணர் குழு' ஏற்கெனவே கூடியிருந்தது. பேரிங் வியாபாரி அப்துல் மஜீத், பம்ப் கம்பெனி நடத்துகிறவர், மோட்டார் காயில் கட்டுகிறவர். மூன்று பேருமே மோட்டார் சத்தத்தைத் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்தவர்கள். பேட்டரியைக் கொடுத்ததும் சக்கரம் சுற்றியது, பல்பு எரிந்தது. பேட்டரியைக் கழற்றிய பிறகு நாலு நிமிஷம் சுற்றி, மெல்ல மெல்ல நின்றது. நின்றபோது மூவரும் கூரைத் தகரத்தை அக்கறையாகப் பரிசோதித்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் என்ன செய்வார்கள், பாவம்? நம் ஊர்ப் பக்கம் ஒரு மனிதர் கூப்பிட்டு உட்காரவைத்து, இலை போட்டுச் சந்தகை பரிமாறி, 'ஏனுங்க, எப்படி இருக்குது?' என்று கேட்டபின் ஓடவில்லை என்று சொல்வது கொலைக்குச் சற்றே குறைந்த குற்றம். அப்துல் மஜீத், பேரிங் இன்னும் நைசாக இருக்கலாம் என்றார். பம்ப்காரர் பெல்ட் துளி லூஸ் என்றார். காயில்காரர் எல்லாவற்றுக்கும் காரணம் காற்றில் இருக்கும் ஈரம்தான் என்று அபிப்பிராயப்பட்டார். பாலுசாமி கண் கலங்க அத்தனையையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

பிறகு எல்லோரும் சுரேந்தரைப் பார்த்தார்கள். 'ஓடாதுங்க' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துப் பாலுசாமி தன் கையாலேயே அவர் இலையில் ஒரு ஒப்புட்டை வைத்து, நெய்யும் விட்டார்.

"நாலு நாளா உறங்கலீங்க சார். உங்க வார்த்தைக்குத்தான் காத்துட்டிருக்கேனுங்க."

சுரேந்தர் ஒப்புட்டைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"நிக்காம இருந்துச்சுன்னா, கண்டிப்பா ஓடுமுங்க."

கை தட்டினார்கள். அதையே லெட்டர்பேடில் எழுதி வாங்கினார்கள்: 'நிற்காத பட்சத்தில் இவ்வியந்திரம் தொடர்ந்து ஓடும்.' விஞ்ஞானரீதியாக இதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. ஆனாலும் திரும்பும்போது சுரேந்தர் ஏனோ பின்பக்கச் சந்து வழியாகப் போனார்.

பதினைந்தாம் நாள் சாந்தாமணி அவர் வீட்டுக்கே வந்தார். வெற்றிலை பாக்குத் தட்டில் பெருந்துறை பூமி பூஜைப் பத்திரிகை. சுரேந்தருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. காடு என்னாயிற்று என்று கேட்டார்.

"கிரயமாயிப்போச்சுங்க."

"'நிக்காம இருந்தா'ன்னு தெளிவாத்தானுங்க அம்மணி எழுதியிருந்தேன்."

"படிச்சேனுங்க சார். வாக்குக் குடுத்திருந்தேன், கையெழுத்தும் போட்டேன். அந்த மிசினு நாலு நிமிசந்தானுங்க ஓடுச்சு. கரண்டு, பேட்டரி ஒண்ணுமில்லாம எங்கப்பன் காட்டைப் பெருந்துறை வரைக்கும் இழுத்துட்டுப் போனது உங்க மருவாதிதானுங்க." தட்டை இன்னும் சற்று முன்னால் நீட்டினார். "குத்துவிளக்கு ஏத்தறது நீங்கதானுங்க. வந்துபோடுங்க."

சுரேந்தர் எழுந்து நின்று, இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டார்.

"கண்டிப்பா வாரேனுங்க."