ஏழாம் அத்தியாயம் இல்லாத சைக்கோலஜி

மனுஷ மனசைக் கரைத்துக் குடித்தவர் என்று மாத்தளை டவுனில் யாராவது இருந்தால், அது எங்கள் சைக்கோலஜி அக்கா ஒருத்தர்தான். டொக்டர்மார், சாத்திரக்காரர், காணி புரோக்கர் எல்லோரும் அவருக்குப் பின்னால்தான் வரிசையில் நிற்க வேண்டும். ஒரேயொரு குறை. கரைத்துக் குடித்தது ஆறு அத்தியாயம் மட்டும்.

விஷயம் இதுதான். அக்கா ஒரு நாள் பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடைபாதையில் ஒரு பழைய புத்தகம் வாங்கினார். அட்டை இல்லை, எழுதினவர் பேர் இல்லை. மனோதத்துவத்தைப் பிடித்துக்கொண்டு தொழிலிலும் வாழ்க்கையிலும் எப்படி முன்னேறுவது என்று சொல்லித் தருகிற புத்தகம். ஆறு அத்தியாயம் ஒழுங்காக இருந்தது. ஏழாவதில் தலைப்பு மட்டும் இருந்தது: 'எதிரில் இருப்பவர் முடியாது என்று சொல்லிவிட்டால்?' அதற்குப் பிறகு வந்த பக்கங்களை எந்தப் பாவியோ கிழித்துக் கடலை சுற்றிவிட்டான். ஆகவே யாரையும் எப்படிச் சம்மதிக்க வைப்பது என்று அக்காவுக்குத் தெரியும். சம்மதிக்காவிட்டால் என்ன செய்வது என்றுதான் தெரியாது.

நாங்கள் இரண்டு பேரும் மெயின் வீதியில் ஒரு புடவைக்கடையில் வேலை செய்தோம். அவர் பன்னிரண்டு வருஷமாக, நான் இரண்டு வருஷமாக. அக்காவுடைய சொந்தப் பேர் சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான் தெரியும். முதலாளிக்கோ 'சைக்கோலஜி' என்று முழுசாகச் சொல்லக்கூட நேரம் கிடைக்காது. "ஏ சைக்கோ, அந்தச் சீத்தைத் துணியை எடு" என்பார். அக்காவுக்குக் கோபமே வராது.

"ஒருத்தன் நம்ம பேரைச் சுருக்கிக் கூப்பிட்டா, மனசுல எடம் குடுத்துட்டான்னு அர்த்தம் புள்ள. ரெண்டாம் அத்தியாயம்."

வியாபாரத்தில் அவர் ராணி. "வேணுமான்னு கேட்டேன்னா வேணாம்னுட்டுப் போயிருவான். பச்சையா, ஊதாவான்னு கேளு. அப்ப ஏதாவது ஒன்னு சொல்லித்தானே ஆகணும்?" என்பார். ஒரு தடவை முகம் துடைக்க ஒரு லேஞ்சி வாங்க வந்த மனுஷன், கட்டிக்கொள்ள இரண்டு சாரமும் ஸ்கூல் யூனிபோர்ம் துணியும் வாங்கிக்கொண்டு போனார். அரை மணி நேரத்தில் பார்சலோடு மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"தங்கச்சி, எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல. இந்த யூனிபோர்ம் யாருக்கு?"

அக்கா அசருவாரா? "ஐயோ, அப்பிடியா! அப்ப பொண்ணு பாக்கப் போறப்ப போட சேர்ட் எடுப்போம். வெள்ளையா, நீலமா?"

பாவம், துணியைக் கொடுத்துவிட்டு இரண்டு சேர்ட்டோடு போனார். வந்த காரியமான லேஞ்சியைக் கடைசி வரைக்கும் வாங்கவில்லை.

காலையில் இரத்தோட்டை பஸ்ஸில் இன்னொரு கூத்து நடக்கும். நிற்க இடமில்லாத பஸ்ஸில் அக்கா ஏதாவது ஓர் ஆளின் முன்னால் போய் நின்று, அவருடைய செருப்பையே உற்றுப் பார்ப்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார். அது நாலாம் அத்தியாயம். அந்த மனுஷன் முதலில் காலை உள்ளே இழுப்பார். பிறகு குனிந்து பார்ப்பார். கடைசியில், எதை மிதித்துத் தொலைத்தோமோ என்று எழும்பி நின்று செருப்பைத் திருப்பும்போது, அக்கா என்னை அந்த ஸீட்டில் இருத்திவிடுவார். ஒரு நாள் மட்டும் ஒருத்தர், "என்ன பாக்கிறீங்க? நான் எழும்ப முடியாது" என்று நேரே சொல்லிவிட்டார். அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார். டவுனில் இறங்கும்போது "ஏழாம் அத்தியாயம்" என்று ஒரு பெருமூச்சு மட்டும் விட்டார்.

அந்த ஸீட்டுக்கு ஏன் இத்தனை பாடு என்று கேட்பீர்கள். எனக்கு அப்போது ஐந்து மாதம்.

எங்கள் கடையில் கதிரை இல்லாமல் இல்லை. கேஷ் மேசையில் முதலாளிக்கு ஒன்று, சாரி பார்க்க வருகிறவர்களுக்கு இரண்டு. விற்கிற எங்களுக்குத்தான் கிடையாது. விற்கிறவள் உட்கார்ந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்று முதலாளியின் அப்பா காலத்திலிருந்தே ஒரு நம்பிக்கை. காலையில் கடை திறந்ததிலிருந்து சாயங்காலம் பூட்டும்வரை நிற்க வேண்டும். பகல் சோற்றுக்கு மட்டும் ஸ்டோர் ரூமில் துணி மூட்டைமேல் கொஞ்ச நேரம். என் கால் இரண்டும் வீங்கிச் செருப்பே ஏறாமல் போய்விட்டது. கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி அதைப் பார்த்துவிட்டு, "இப்பிடி நாள் முழுக்க நிக்கப்படாது, சொல்லிட்டேன்" என்று கண்டிப்பாகச் சொன்னார். நின்றால் பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று பயம். நிற்காவிட்டால் வேலை போய்விடும். என் வீட்டுக்காரருக்குத் தோட்டத்தில் வாரம் மூன்று நாள்தான் வேலை. பிரசவ லீவு கிடைக்கும்வரை எப்படியாவது தாக்குப் பிடித்தாக வேண்டும்.

ஒரு பகல் ஸ்டோர் ரூமில் என்னையறியாமல் அழுதுவிட்டேன். அக்கா என் காலையே கொஞ்ச நேரம் பார்த்தார். இந்தத் தடவை அது நாலாம் அத்தியாயம் இல்லை. முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"ஒரு கதிரை. அவ்வளவுதானே? கண்ணத் தொட்டுச் சொல்றேன். மூணாம் அத்தியாயமே போதும்" என்றார்.

மூன்றாம் அத்தியாயம் என்ன சொல்கிறது என்றால், ஓர் ஆளை மூன்று தடவை 'ஆமா' சொல்ல வைத்துவிட்டால் நாலாவதுக்கும் வாய் தானாக 'ஆமா' சொல்லிவிடுமாம். அன்றைக்கே கேஷ் மேசைக்குப் போனார்.

"முதலாளி, இன்னிக்கி வெயில் கூட இல்லையா?"

"ஆமா."

"சாமி படத்து மால வாடிருச்சு இல்லையா?"

"ஆமா, மாத்து."

"தேர்த் திருவிழா வருது, இனி சனம் கூடும் இல்லையா?"

"ஆமா ஆமா!" என்றார் முதலாளி சந்தோஷமாக.

"அப்ப நாங்களும் கொஞ்சம் குந்த, உள்ளுக்கு ஒரு கதிரை போட்டா நல்லம் இல்லையா?"

"முடியாது."

அவ்வளவுதான். அக்கா அப்படியே திரும்பி வந்து, மடித்து வைத்த துணிகளை மறுபடி பிரித்து மடித்தார். நான் நம்பிக்கையை விட்டேன். அவர் விடவில்லை. இரண்டு நாள் பஸ்ஸில் புத்தகத்தையே புரட்டிக்கொண்டு வந்தவர், மூன்றாம் நாள் என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார்.

"ஆறாம் அத்தியாயம் புள்ள! மனுஷன் கண்ணு எதப் பாக்க ஆசப்படுதோ அதத்தான் பாக்கும். நம்ம முதலாளி எதப் பாக்க ஆசப்படுவாரு?"

"காசு சல்லியா அக்கா?"

"சல்லி கொண்டு வர்ற கஸ்டமர!"

முதலாளிக்குத் தூரப் பார்வை மட்டம். கண்ணாடி போட்டால் வயசு தெரிந்துவிடும் என்று மேசை லாச்சிக்குள்ளேயே வைத்திருப்பார். அக்கா போட்ட திட்டம் இதுதான். கடைக் கண்ணாடிக்குள் நிற்கிற பொம்மையின் தங்கக் கலர் சாரியைக் கழற்றி, என் யூனிபோர்முக்கு மேலே சுற்றினார். கையில் தன் ஹேண்ட்பேக்கைக் கொடுத்தார். கஸ்டமர் கதிரையில், முதலாளிக்கு முதுகு காட்டி என்னை இருத்தினார். பிறகு எனக்கு முன்னால் சாரியாக விரித்துப் போட்டு, "இது பாருங்க நோனா, உங்க நெறத்துக்கு எடுப்பா இருக்கும்" என்று சத்தமாகச் சொல்லத் தொடங்கினார்.

வாழ்க்கையில் என்னை யாரும் அப்படிக் கவனித்ததில்லை. பகலில் அரை மணி நேரம் நான் நோனா, பெரிய வீட்டு அம்மா. துகில் உரியப்பட்ட பொம்மைதான் திரைக்குப் பின்னால் வெட்கப்பட்டு நின்றது.

"பொம்மைக்கு எங்க சாரி?" என்று முதலாளி கத்தினார்.

"இஸ்திரி போட எடுத்தது முதலாளி!"

இரண்டு நாள் நன்றாகத்தான் போனது. மூன்றாம் நாள்தான் விதி விளையாடியது. தினம் வந்து உட்கார்ந்து சாரி பார்க்கிற இந்த நோனா கட்டாயம் கல்யாண வீட்டு ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்று முதலாளி முடிவு கட்டிவிட்டார். பெரிய வியாபாரம் கைநழுவிப் போகக் கூடாது என்று, குளிர்ந்த சோடா ஒன்றை உடைத்துக்கொண்டு தானே நேரில் உபசரிக்க வந்துவிட்டார்.

"வாங்க நோனா, கல்யாணம் எப்ப..."

சோடாப் போத்தல் பாதி வழியில் நின்றது. குனிந்து பார்த்தார். "இது நம்ம பொம்மையோட சாரி இல்ல?"

இரண்டு வருஷம் தினம் பார்த்த என் முகம் அவருக்கு அடையாளம் தெரியவில்லை, சாரி தெரிந்தது. அதற்குப் பிறகுதான் மேலே பார்த்தார். நான் எழும்பப் பார்த்தேன், கால் ஒத்துழைக்கவில்லை.

"நாடகமா ஆடுறீங்க? நீ நாளையில இருந்து வர வேணாம்!"

அக்கா நடுவில் வந்தார். "முதலாளி, ஒரு நிமிஷம்..."

"பேசாத சைக்கோ. முடியாதுன்னா முடியாது!"

அக்கா மனதுக்குள் பக்கம் பக்கமாகப் புரட்டுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று... ஆறும் முடிந்து, அந்தக் கிழிந்த இடத்தில் வந்து நின்றுவிட்டார்.

"எனக்குத் தெரிஞ்ச வித்தையெல்லாம் முடிஞ்சிருச்சு முதலாளி. இனி உண்மைதான் மிச்சம்" என்றார்.



"பன்னெண்டு வருஷமா இந்த எடத்துல நிக்கிறேன். எனக்கும் ஒரு புள்ள தங்கிச்சு. ஆறாம் மாசம் போயிருச்சு. நின்னதாலதானான்னு எனக்குத் தெரியாது, டொக்டரும் அப்பிடிச் சொல்லல. ஆனா ஒரு கதிரை தாங்கன்னு கேக்க எனக்கு அப்ப வாய் வரல. வாயைத் தொறந்து ஒரு விசயம் கேக்கிறது எப்பிடின்னு தெரியாமத்தான் அந்தப் பொஸ்தகத்தையே வாங்கினேன். இவளுக்காவது கேட்டுட்டேன். இவ போகணும்னா நானும் போறேன்."

எனக்கு இது தெரியாது. முதலாளிக்கும் தெரியாது. கையில் இருந்த சோடாவை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த நேரம் பார்த்துத்தான் கலேவெலயிலிருந்து நிஜமான கல்யாண வீட்டுக்காரர் ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். மணப்பெண்ணின் அம்மா நேராக வந்து எனக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார். என்னையும் கஸ்டமர் என்று நினைத்து, "துவே, இந்தக் கலர் எப்படி?" என்று சிங்களத்தில் கேட்டார். துவே என்றால் மகளே. பழக்க தோஷத்தில் நான் எழும்பப் போனேன். அக்கா தோளை அழுத்தி, "இரு" என்றார்.

உட்கார்ந்தேன். உட்கார்ந்துகொண்டே, கண்ணைத் துடைத்துக்கொண்டே, "பச்சையா அம்மே, ஊதாவா?" என்று கேட்டேன்.

அன்றைக்கு நடந்த வியாபாரத்தை இன்றைக்கும் அந்தக் கடையில் சொல்வார்கள். விற்கிறவளும் வாங்குகிறவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆற அமரப் பேசினால் சாரி தானாகப் போகிறது. கடைசியில் அந்த அம்மா, நான் கட்டியிருந்த பொம்மைச் சாரியையே கேட்டு வாங்கிக்கொண்டு போனார். வருஷக்கணக்காக விலை போகாமல் நின்ற சாரி அது. முதலாளி தன் கையாலேயே பார்சல் கட்டினார்.

மறுநாள் காலையில் பயந்து பயந்து போனேன். சாரி அலுமாரிக்குப் பக்கத்தில் புதுசாக ஒரு பிளாஸ்டிக் கதிரை.

"அது சாமான் வைக்கப் போட்டது. யாரும் தப்பா நெனக்க வேணாம்" என்றார் முதலாளி, யாரையும் பார்க்காமல்.

அந்தக் கதிரையில் ஒரு நாளும் ஒரு சாமானும் ஏறவில்லை. நான் உட்கார்ந்திருக்கும்போது அவர் இந்தப் பக்கம் திரும்பினால், லாச்சியில் இருந்த கண்ணாடி லாச்சியிலேயே இருந்தது. நல்ல மனுஷன்தான், கேட்கிற மாதிரி யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். பிரசவ லீவு வரைக்கும் வேலையில் இருந்தேன். மகள் பிறந்தாள். முதலில் தூக்கியது அவளுடைய அப்பா, இரண்டாவது சைக்கோலஜி அக்கா.

இப்போது நான் கண்டியில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறேன், உட்கார்ந்துகொண்டுதான். மகள் ஸ்கூல் போகிறாள். அக்கா அதே கடையில் இருக்கிறார். போன மாதம் ஒரு பழைய புத்தகக் கடையில் அதே புத்தகம் என் கையில் கிடைத்தது, முழுசாக. நின்ற இடத்திலேயே ஏழாம் அத்தியாயத்தைத் திறந்தேன். 'எதிரில் இருப்பவர் முடியாது என்று சொல்லிவிட்டால்? புன்னகையோடு நன்றி சொல்லி விலகிவிடுங்கள். எல்லாக் காரியமும் எல்லோருக்கும் கைகூடாது.' அவ்வளவுதான் சாரம். மிச்சமெல்லாம் அதையே நீட்டி முழக்கியது.

புத்தகத்துக்குக் காசு கொடுத்துவிட்டு அக்காவுக்குப் போன் கோல் எடுத்தேன். "அக்கா, ஏழாம் அத்தியாயம் கெடச்சிருச்சு!"

"ஐயோ, மெய்யாவா புள்ள? என்னதான் போட்டிருக்கு?"

நான் புத்தகத்தை மூடினேன். "உண்மையச் சொல்லணுமாம் அக்கா. சொல்லிட்டு, கூடவே நிக்கணுமாம்."

"பாத்தியா! நான் படிக்காமலே சரியாத்தான் செஞ்சிருக்கேன்" என்று சிரித்தார்.

மகள் பக்கத்தில் கடலை கேட்டு அடம்பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கங்களைக் கிழித்து, அவளுக்குக் கடலை வாங்கி அதில் சுற்றிக் கொடுத்தேன். அக்காவின் புத்தகத்தில் அதை முதலில் கிழித்த அந்தப் புண்ணியவான், எங்கே இருந்தாலும் நல்லா இருக்கட்டும்.