சமச்சீர் தீவனத் திட்டத்தில் சேராத நத்தை

உலகில் உயிர் தோன்றிய நாளிலிருந்து, ஜீவராசிகளின் வயிற்றைப் பற்றி இவ்வளவு ஆழமாகச் சிந்தித்த நிர்வாகி கடலாய்வு நிலைய இயக்குநர் ஒருவர்தான். தொட்டிகளில் வாழும் அனைத்துக்கும் இனி உயிருள்ள பொடிமீன் மட்டுமே என்ற 'சமச்சீர் தீவனத் திட்டம்' அவர் மூளையில்தான் உதித்தது. வெளித்தீவனம் போட்டால் ஆய்வுப் பதிவு ரத்து. பாசி மேய்ந்து பழகியவை மெல்ல மெல்லத் 'திட்டத்திலிருந்து விலகிக்கொண்டன'. அதாவது, செத்தன.

ஆய்வு மாணவியிடம் இருந்தது ஒரே ஒரு கூம்பு நத்தை. அது கடற்புழு மட்டுமே தின்னும். அதன் விஷமும் புழுவுக்கென்றே அமைந்தது. போட்ட மீன்கள் அதன் ஓட்டின்மேல் இளைப்பாறின. நத்தை போனால் அவளுடைய நான்கு வருஷ உழைப்பும் போச்சு.

"சார், இது மீன் தின்னாது சார்."

"ஏம்மா, இதோட சொந்தக்காரங்கள்ல சிலது புழுவை விட்டுட்டு மீனுக்கு மாறிடுச்சுன்னு நீதானே எழுதியிருக்கே?"

"அதுக்குப் பல லட்சம் வருஷம் ஆச்சு சார்."

"அவ்வளவு டைம் தர முடியாது. வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்க்கலாம். கொஞ்சம் முயற்சி பண்ணச் சொல்லு."

அவள் நத்தைக்குப் புத்திமதி சொல்லவில்லை. கரைச்சேற்றைக் கிளறிப் புழு பிடித்து, டிபன் டப்பாவில் மறைத்துக் கொண்டுவந்து போட்டாள். நத்தை ஊசிப்பல்லை எய்தது. புழு துவண்டது, உள்ளே போனது.

வெள்ளிக்கிழமை இயக்குநர் தொட்டியை எட்டிப் பார்த்தார். நத்தை தளதளவென்று இருந்தது.

"மாறிடுச்சு பாத்தியா! பரிணாமத்துக்கு வேண்டியதெல்லாம் ஒரு காலக்கெடுதாம்மா."

அன்று மாலையே இயக்குநரின் கட்டுரை தயார். மாணவியின் நான்கு வருஷக் குறிப்புகள் அதில் அப்படியே இருந்தன, அவள் பெயர் நீங்கலாக.

"பேசாம விட்டுடுடி," என்றாள் பக்கத்து மேசைத் தோழி. "நத்தையாவது பொழைச்சுதே."

அவள் விடவில்லை. அனைவரும் கூடிய கூட்டத்தில் எழுந்து நின்றாள்.

"சார், நான்தான் புழு போட்டேன். மீனை எண்ணிப் பாருங்க, ஒண்ணுகூடக் குறையல."

இயக்குநரின் நேர்மைக்கு வந்த சோதனை அது. அவர் தடுமாறவில்லை.

"வெளித்தீவனம் போட்டதை ஒத்துக்கிட்டே. ரொம்ப சந்தோஷம்மா."

கட்டுரை அவர் பெயரில் அச்சேறியது. மாணவியின் பதிவு ரத்தானது.

கூம்பு நத்தை முதலில் கொட்டும், பிறகுதான் விழுங்கும். இயக்குநர் முதலில் விழுங்கினார், பிறகு கொட்டினார்.