ஏராவுக்குப் பூசிய சிமெண்ட்

தா.பழூர் போகிற வழியில் தண்ணீர்த் தொட்டி ஒன்று நிற்கிறதே, அது நான் கட்டியது. வரதராஜன்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபம், அதுவும் நான் கட்டியது. களிமண்ணில் பாலம் நிற்காது என்று படித்த இன்ஜினியர் கைவிரித்த வாய்க்காலில் ஒரு பாலம் கட்டினேன். இன்றைக்கும் அதன் மேல் கரும்பு லாரி போகிறது. அந்த இன்ஜினியரும் அதன் மேல்தான் போகிறார். எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஐந்தாம் வகுப்போடு ஒத்துவரவில்லை. செங்கல் சுமந்து, கொத்தனாராகி, மேஸ்திரியாகி, ஜெயங்கொண்டத்தில் சொந்தமாக மாடி வீடு போட்டவன் நான். (அதை யார் கட்டியது என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?)

கட்டியதெல்லாம் நிற்கிறது. வாழ்க்கையில் ஒரே ஒரு வேலைதான் நிற்காமல் மிதக்க வேண்டியிருந்தது. அதுவும் நின்றுவிட்டது.

என் மனைவியின் தம்பி செல்வம், சில வருஷங்களுக்கு முன் பக்கத்து ஊர் ஏரியில் மீன் குத்தகை எடுத்தான். கடற்கரைப் பக்கம் போய் ஒரு ஃபைபர் படகு வாங்கி டெம்போவில் ஏற்றி வந்தான். கூடவே வந்த படகுக்காரர் அதைக் கவிழ்த்துப் போட்டு, அடியில் நீளவாக்கில் ஓடும் மேட்டைத் தடவிக் காட்டினார். அதற்கு ஏரா என்று பெயராம். படகில் முதலில் தரையோடு உரசுகிற இடம் அதுதான்.

"தம்பி, ஒங்க ஏரிக்கர முழுக்க கூர்கூரா சுக்கான் கல்லா கெடக்கு. அது மேல இழுத்தீங்கன்னா ஏரா தேஞ்சு ஓட்டையாயிரும். உருட்டுக்கட்ட போட்டு எறக்குங்க. வருசத்துக்கு ஒருக்கா ஃபைபர் நார்ப்பாய் வச்சுப் பிசின் பூசிருங்க."

"பிசினா?" என்றேன் நான். "நாங்க என்ன பட்டமா வுடப் போறோம்?"

அவர் சிரித்தார். டீயைக் குடித்தார். பஸ் ஏறிப் போய்விட்டார். இன்னொரு டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்திருக்கலாம்.

செல்வம் தலையைச் சொறிந்தான். "மாமா, அவரு சொன்ன மாதிரியே செஞ்சிருவோம். மொத மீன்பிடிக்கு யாவாரி வேன் அனுப்புறாரு. அன்னைக்கு மீன் ஏறலன்னா வேற ஏரிக்குப் போயிருவாரு. அப்பறம் குத்தகையும் போச்சு, நானும் போனேன்."

"மாப்ள, நான் கட்டுன தொட்டி ஒழுவுதா?"

"இல்ல மாமா."

"பாலம் எறங்கிச்சா?"

"இல்ல மாமா."

"அப்ப பேசாம சிமெண்ட எடுத்துட்டு வா."

அரியலூர் மாவட்டத்துக்காரனுக்கு வேறு என்ன தோன்றும்? மண்ணைத் தோண்டினால் சுண்ணாம்புக்கல், ரோட்டைப் பார்த்தால் சிமெண்ட் லாரி. எங்களுக்குச் சுவர் விரிசல் விட்டாலும் சிமெண்ட்தான், எலி வளைக்கும் சிமெண்ட்தான். ஏரா மேல் கோழி வலை என்கிற கம்பி வலையைச் சுற்றினேன். வழுவழுப்பான ஃபைபரில் கலவை பிடிக்காது என்பது எனக்குத் தெரியாதா? அதனால் வலையின் ஓரங்களைக் கட்டுக்கம்பி போட்டு, படகின் விளிம்புவரை இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டினேன். (அந்த மூளையைப் பாருங்கள்.) கலவையைக் கனமாகப் பூசி, மட்டப்பலகை வைத்து இழுத்து, ஈரச் சாக்கு போர்த்தி ஒரு வாரம் தண்ணீர் ஊற்றினேன்.

என் மனைவி மல்லிகா வந்து இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள். "படகுக்குக் கடக்கால் போடுற ஆள இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றாள்.

மீன்பிடி நாளும் வந்தது. படகைத் தூக்க ஆள் போதாமல் டீக்கடையே காலியாகி வந்தது. கரையில் இழுத்தபோது சுக்கான் கல்தான் பொடிந்தது, ஏரா பொடியவில்லை. "பாத்தீங்களாய்யா?" என்று எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தேன். தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, வலையை ஏற்றினோம். முன்னால் நான் நின்றுகொண்டேன். பின்னால் செல்வம் கழியை ஊன்றித் தள்ளினான்.

"மாமா, தண்ணி விளிம்புக்கு நாலு வெரக்கடைல நிக்குது."

"அதான் கெத்து. ஆடாம போவுது பாரு."

உண்மையிலேயே ஆடவில்லை. கொஞ்ச தூரம் போனதும் அசையவும் இல்லை. என் சிமெண்ட் ஏரிச் சேற்றில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. வலை விரிக்க வேண்டிய ஆழம் கண்ணெதிரே தெரிகிறது. அங்கே கட்லா துள்ளி விழுகிறது. கரையில் வேன்காரன் ஹாரனை அமுக்குகிறான். செல்வம் தள்ளித் தள்ளிக் கழியே வளைந்துவிட்டது.

கடைசியில் வலைப்பெட்டிக்குள் கைவிட்டுக் கட்டிங் பிளேயரை எடுத்தான். "மாமா, கம்பிய வெட்டிரட்டுமா?"

"வெட்டுனீன்னா ஒனக்கும் எனக்கும் ஒறவே கெடையாது!"

கரையிலிருந்து மல்லிகாவின் குரல் வந்தது: "தம்பி, நீ வெட்டுடா! ஒறவ நான் பாத்துக்கிறேன்!"

வெட்டினான். நான் அவனுக்குக் கட்டட சாஸ்திரம் சொல்லிக்கொண்டே இருந்தேன். கடைசிக் கம்பி தெறித்ததும், சிமெண்ட் கீழே தங்கிவிட, அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி மாதிரி படகு எகிறியது. நான் மல்லாக்கத் தண்ணீரில் விழுந்தேன். வேட்டி தனியாக ஒரு பக்கம் நீந்திப் போனது. செல்வம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, ஆழத்தைப் பார்த்துப் போய்விட்டான். காலுக்குக் கீழே ஏதோ கெட்டியாகத் தட்டுப்பட, அதன் மேல் ஏறி நின்றேன். என் சிமெண்ட்தான்! என் எடைக்கு இம்மிகூட அசையவில்லை. (சொன்னால் யார் கேட்கிறார்கள்? கரையில் சிரிப்பு அடங்கவே நேரமானது.)

அன்றைக்கு வேன் நிறைந்தது. வியாபாரி அடுத்த பிடிக்கும் வருகிறேன் என்று கைகொடுத்தார். மறு வாரமே செல்வம் நார்ப்பாய் வைத்துப் பிசின் பூசி, கரையில் தைலமரக் கட்டைகளை வரிசையாகப் போட்டுவிட்டான். இதுவரை ஏராவில் ஒரு தேய்மானம் இல்லை. அதற்குக் காப்பு வேண்டும் என்று முதலில் கவலைப்பட்டவன் நான். சரி, இரண்டாவதாக.

அடுத்த கோடையில் ஏரி வற்றியது. கல்லாய்ப் போன கிளிஞ்சலும் எலும்பும் பார்க்க எங்கள் மாவட்டத்துக்குக் காலேஜ் பிள்ளைகள் பஸ்ஸில் வருவார்கள். அப்படி வந்த ஒரு கூட்டம், சேற்றில் நீளமாகக் கிடந்த என் வேலையைச் சுற்றி நின்றுகொண்டது. கோழி வலையின் அச்சு அவர்களுக்குச் செதில் செதிலாகத் தெரிந்ததாம்.

"அண்ணே, இது எந்தக் காலத்து மிருகம்?" என்று ஒரு பெண் கேட்டிருக்கிறாள்.

செல்வம் சிரிக்காமல் சொன்னானாம்: "எங்க மாமா காலத்து மிருகம்மா."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இட்லி கல்லாகிவிட்டால் "மாமா காலத்து இட்லி". பேரப்பிள்ளைகள்வரை சொல்கிறார்கள். சொல்லட்டும்.

ஆனால் அந்தக் காலேஜ் பிள்ளைகள் அன்றைக்கு எடுத்த படம் பலபேர் போனில் சுற்றுகிறது என்கிறார்கள். என் சிமெண்டை மாடு மிதித்தது, மழைவெள்ளம் புரண்டது, ஒரு கீறல் கிடையாது. அதில் எந்த மிருகத்துக்கும் பங்கில்லை. படம் போடுகிறவர்கள் தாராளமாகப் போடுங்கள். கீழே மட்டும் ஒரு வரி வந்தாக வேண்டும்: கட்டியவர், கோ. தங்கராசு, மேஸ்திரி, ஜெயங்கொண்டம்.