ஷுக்கூரின் இடது கால்

ஷுக்கூரின் இடது காலுக்கு மட்டும் தனியாக விலை போடுவதா, ஆளோடு சேர்த்துப் போடுவதா என்பதில் மேலேக்கடவு பிரதர்ஸ் கால்பந்து கிளப்பின் கமிட்டி இரண்டாகப் பிரிந்து நின்றது.

"கால் தனியா எப்படிப் போகும்? ஆளோடதானே போகும்?" என்றார் தலைவர் பீரான்குட்டி ஹாஜியார். அவருக்கு மாட்டு வியாபாரம். "பல்லைப் பாத்து, சுழியைப் பாத்து, மொத்தமா ஒரு விலை. அதுதான் சந்தை முறை."

"அவன் என்ன காளையா, ஹாஜியாரே?" என்றார் செயலாளர் சைதலவி. கூட்டுறவு வங்கியில் அடகுக்கு வரும் நகையை உரசிப் பார்ப்பது அவர் உத்தியோகம். "கல்லைக் கழிக்கணும், அரக்கைக் கழிக்கணும், மிச்சம் என்ன தங்கமோ அதுக்குத்தான் மதிப்பு. ஷுக்கூரோட வலது கால் அரக்கு. தலை கல்லு. இடது கால் மட்டும் சொக்கத் தங்கம்."

அந்த இடது காலை ஊர் வெறும் காலாக நினைத்ததில்லை. எதிரே வருகிறவர்கள் முதலில் காலைப் பார்த்துவிட்டு, பிறகுதான் முகத்தைப் பார்த்து சலாம் சொன்னார்கள். பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தால், அது ஷுக்கூருக்குக் கொடுத்த இடம் அல்ல. ஒருமுறை அந்தக் காலில் முள் குத்தியபோது மூன்று வைத்தியர்கள் கூப்பிடாமலே வந்தார்கள்.

இப்போது கொச்சியின் பெரிய கிளப் ஒன்று அவன்மேல் கண் வைத்திருப்பதாகக் கோழிக்கோட்டிலிருந்து சைதலவியின் மச்சான் போன் செய்திருந்தான். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆள் வரலாம். சத்தமில்லாம வந்து பாத்துட்டுப் போவாங்க. விலையை ரெடி பண்ணி வெச்சுக்கோங்க."

சைதலவிக்கு இதில் கிளப்பின் லாபத்தைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆட்டம் என்பது ஆடின அன்றைக்குக் காசு, ஆடாத நாளில் பெயிண்ட் வேலை. ஷுக்கூருக்கு வயது இருபத்தொன்பது. வலது முட்டி இப்போதே வீங்குகிறது. "முட்டி போச்சுன்னா ஏணிகூட ஏற முடியாது, ஹாஜியாரே. அதுக்குள்ள அவனை ஒரு நல்ல இடத்துல சேத்துடணும். இது கடைசி சான்ஸ்."

"அப்ப இருபது லட்சம்" என்றார் ஹாஜியார், கண்ணை மூடிக்கொண்டு. அந்தத் தொகையின் பிரமாண்டத்தில் கமிட்டி எத்தனை சைபர் என்று விரல்விட்டு எண்ணியது.

வெள்ளிக்கிழமை வந்தது. அறுவடை முடிந்த வயல்தான் மைதானம். அதன் ஓரத்தில் வாசுவின் டீக்கடை. கமிட்டி இஸ்திரி போட்ட சட்டையில், கல்யாண மண்டபத்து நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தது. வருகிறவர் பூட்ஸ் போட்டிருப்பார், கழுத்தில் விசில் தொங்கும் என்று எதிர்பார்த்தார்கள். ஜீப்பிலிருந்து இறங்கியவரோ வெள்ளை முண்டு, வெள்ளைச் சட்டை, தங்க பிரேம் கண்ணாடி, கையில் குடை.

"இவரா?" என்றார் ஹாஜியார்.

"பெரிய இடத்து ஆளுங்க இப்படித்தான் வருவாங்க" என்று கிசுகிசுத்தார் சைதலவி. "விசில் மாட்டிக்கிட்டு வர்றவன் சின்ன கிளப்."

வந்தவர் தயங்கித் தயங்கி அருகில் வந்தார். "அஸ்ஸலாமு அலைக்கும். இங்க ஷுக்கூர்னு ஒருத்தன்... கொஞ்சம் விசாரிக்கணும். அவனுக்குத் தெரிய வேண்டாம்."

அந்த ரகசியத்தில் சைதலவிக்குப் புல்லரித்தது. "தெரியவே தெரியாது, சார். உக்காருங்க. அதோ, மஞ்சள் பனியன்."

வந்தவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "வயசு?"

"இருபத்திரண்டு."

"இருபத்தொம்பதுன்னு சொன்னாங்களே?"

"அது ஆதார்ல சார். கால்ல இருபத்திரண்டு."

வந்தவர் குழம்பினார். உதவிக்கு வந்தார் ஹாஜியார். "ஆதார்தான் தடைன்னா கவலைப்படாதீங்க. இன்னொண்ணு எடுத்துடலாம். நம்ம ஆளு இருக்கான்."

வந்தவர் குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"உடம்பா? இரும்பு!" என்றார் சைதலவி, முட்டியை மனதுக்குள் புதைத்துவிட்டு.

"கூப்பிட்டு வாயைத் திறக்கச் சொல்லவா?" என்றார் ஹாஜியார். "பல்லு ஒண்ணுகூட ஆடாது."

"வேணாம், வேணாம்." வந்தவர் அவசரமாகக் கையசைத்தார். "இதுக்கு முன்னால வேற யாராவது வந்து கேட்டிருக்காங்களா?"

இந்தக் கேள்விக்காகத்தான் சைதலவி இரண்டு நாளாகக் கண்ணாடி முன்னால் நின்று பழகியிருந்தார். போட்டி இருக்கிறது என்று தெரிந்தால்தான் பொருளுக்கு மதிப்பு. "கேக்காத இடம் ஏது சார்? திரூர்ல கேட்டாங்க, நிலம்பூர்ல கேட்டாங்க. ரெண்டு இடத்துல அட்வான்ஸ்கூட வாங்கிட்டான்."

"வாங்கிட்டானா? அப்புறம்?"

"போகலையே! அதுதான் நம்ம ஷுக்கூர்."

"அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தானா?"

சைதலவி இதைப் பழகிவைக்கவில்லை. ஆள் ஏமாற்றுக்காரன் என்று நினைத்துவிட்டால் காரியம் கெடும். "அவங்களுக்கு ஒரு குறையும் இல்ல சார். அப்பப்ப போய் அவங்க மனசையும் குளிரப் பண்ணிட்டுத்தான் வருவான். சீசன்ல பாத்தீங்கன்னா ஒரு ராத்திரிகூட வீட்ல தங்க மாட்டான். இன்னிக்கு ஒரு ஊரு, நாளைக்கு ஒரு ஊரு. அவன் வர்றான்னா ஊரே திரண்டு நிக்கும்."

வந்தவர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். வாசு கொண்டுவந்த டீ அவர் முன்னால் ஆறிக்கொண்டிருந்தது. சைதலவி நாற்காலியின் நுனிக்கு வந்தார். என்ன பேசினாலும் இந்த மனுஷர் முகத்தில் மதிப்பு ஏறவில்லையே, இறங்கிக்கொண்டல்லவா போகிறது?

அப்போதுதான் அது நடந்தது.

வலது மூலையிலிருந்து யாரோ தூக்கிப்போட்ட பந்து காற்றில் திசை தெரியாமல் மிதந்து வந்தது. கோலுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தான் ஷுக்கூர். பந்தைப் பார்த்ததாகவே தெரியவில்லை. அது மார்பில் விழுந்து, ஒரு பூனைக்குட்டி மடியிலிருந்து இறங்குவதுபோல மெதுவாக இறங்கியது. தரையைத் தொடவில்லை. இரண்டு பேர் அவன்மேல் பாய்ந்தார்கள். அவன் இருந்த இடத்தில் அவன் இல்லை. அவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். இடது கால் ஒருமுறை வீசியது, அவ்வளவுதான். சத்தம் வயலைக் கடந்து வந்து சேர்ந்தபோது பந்து ஏற்கெனவே வலைக்குள் இருந்தது. கோல்கீப்பர் இன்னும் எதிர்ப்பக்கம் பாய்ந்துகொண்டிருந்தான்.

வாசுவின் கையில் டீ ஆற்றும் குவளை அந்தரத்தில் நின்றது. தினமும் பார்க்கிற கமிட்டிக்கே விலை, அட்வான்ஸ், ஆதார் எல்லாம் ஒரு நொடி மறந்துபோயின.

"சுப்ஹானல்லாஹ்" என்றார் வந்தவர்.

ஷுக்கூர் கொண்டாடவில்லை. விழுந்து கிடந்த கோல்கீப்பரைக் கைகொடுத்துத் தூக்கினான். அவன் முதுகு மண்ணைத் தட்டிவிட்டான். வலையைக் கிழித்துக்கொண்டு முள்வேலிக்குள் போயிருந்த பந்தைத் தானே குனிந்து எடுத்துவந்தான்.

"பாத்தீங்களா?" வந்தவரின் குரல் இளகியிருந்தது. "தோத்தவனைத் தூக்கிவிடறான்."

கமிட்டி இத்தனை வருஷத்தில் அதைப் பார்த்ததில்லை. எல்லாருடைய கண்ணும் எப்போதும் முட்டிக்குக் கீழேதான்.

"இந்தக் குணம் போதும்" என்றார் வந்தவர். "பையனை எனக்குப் பிடிச்சுப்போச்சு. மத்ததெல்லாம் ஊர் வாயின்னு விட்டுடறேன். மேற்கொண்டு யார்கிட்ட பேசணும்? அவங்க வாப்பாகிட்டயா?"

"வாப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது. பேசறதெல்லாம் எங்ககிட்டதான்" என்று சைதலவி நாற்காலியை முன்னால் இழுத்தார். ஹாஜியார் அவர் காதருகே குனிந்தார். "குணத்துக்கு நாம விலையே போடலையே. அஞ்சு ஏத்து."

வாயால் விலை சொன்னால் கண் பட்டுவிடும் என்பது சந்தை வழக்கம். ஹாஜியார் தோள் துண்டை எடுத்து வந்தவரின் கைமேல் போட்டார். துண்டுக்குள் கையை விட்டு, அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து அழுத்தினார். வந்தவர் பயந்துபோனார். "என்ன... என்ன பண்றீங்க?"

"விலை" என்றார் ஹாஜியார் கம்பீரமாக.

"என்ன விலை?"

சந்தை மொழி புரியாத மனிதருக்குச் சைதலவி மொழிபெயர்த்தார். "இருபத்தஞ்சு லட்சம் சார். ஷுக்கூரை அனுப்பறதுக்கு."

வந்தவர் துண்டுக்குள்ளிருந்து கையை உருவிக்கொண்டார். "இதை... அவனா கேக்கச் சொன்னான்?"

"சேச்சே, அவன் வாயில்லாப் பூச்சி. நாங்க கமிட்டி கூடி வெச்சது. எல்லாருக்கும் பங்கு உண்டு."

வந்தவர் ஒவ்வொரு முகமாக எல்லாரையும் பார்த்தார். இஸ்திரிச் சட்டைகள் பணிவாகச் சிரித்தன. அவர் எழுந்துவிட்டார். கைக்கு வந்த மீன் நழுவுவதைக் கண்ட சைதலவி கூடவே எழுந்தார்.

"ரொக்கம் கஷ்டம்னா தங்கமாக் குடுங்க சார்! நானே உரசிப் பாத்து எடுத்துக்கறேன்!"

வந்தவர் நடந்தார்.

"அப்ப ஒரு சீசன் மட்டும் வெச்சுப் பாருங்க! பிடிக்கலேன்னா திருப்பி அனுப்பிடுங்க, பாதிக் காசு வாபஸ்!"

வந்தவர் ஓடினார். குடை நாற்காலியிலேயே கிடந்தது. ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.

கமிட்டி அந்தப் புழுதியைப் பக்தியோடு பார்த்தது.

"கோச்சுக்கிட்டாரோ?" என்றார் ஹாஜியார்.

"இல்ல" என்றார் சைதலவி, கொஞ்சம் யோசித்து. "பெரிய இடத்துல யாரும் உடனே சரின்னு சொல்ல மாட்டாங்க. முதலாளிகிட்ட கேக்க ஓடறார். ஓடின வேகத்தைப் பாத்தீங்கல்ல? வேற கிளப் முந்திக்குமேங்கற பயம்."

அது எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது. ஹாஜியார் அப்போதே போஸ்டர்காரனுக்குப் போன் போட்டார். கடைவீதியில் வைக்க ஒரு ஃபிளெக்ஸ். ஷுக்கூரின் படம் வேண்டும், அதைவிடப் பெரிதாகக் கமிட்டியின் படம் வேண்டும். சைதலவி குடையை எடுத்து, விரித்து, மடித்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. பையனை ஒரு நல்ல இடத்தில் சேர்த்தாகிவிட்டது.

ஆட்டம் முடிந்து ஷுக்கூர் கிணற்றடியில் குளித்துவிட்டு வந்தான். தலை படிய வாரியிருந்தான். வழக்கமாக இல்லாத அத்தர் வாசனை. வலது காலை லேசாக இழுத்தபடி வந்து, சைதலவியின் கையிலிருந்த குடையைப் பார்த்தான். முகம் சிவந்தது.

"வந்துட்டுப் போயிட்டாரா, இக்கா? பொண்ணோட வாப்பா இன்னிக்கு விசாரிக்க வருவாருன்னு தரகர் ரகசியமா சொன்னாரு, வேற எங்கயும் கேக்க வேணாம், எங்க கிளப்புல கேளுங்கன்னு நான்தான் அவர்கிட்ட சொல்லி அனுப்பினேன்... என்னைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொன்னீங்கல்ல?"