ரிஜெக்ட் அக்கா சொன்ன ஒரே பொய்

கடவுளே நேரில் வந்து நின்றாலும், ரிஜெக்ட் அக்கா அவரைத் திரும்பி நிற்கச் சொல்லி முதுகுப் பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கும்பிட்டிருப்பார். அப்போதும் "கை நாலு கீது, சரி. மூணாவது கையில நகம் ஏன் ஒடைஞ்சிருக்கு?" என்று கேட்டிருப்பார்.

அக்காவின் நிஜப் பெயர் எங்கள் லைன் வீட்டில் யாருக்கும் தெரியாது. ஒரகடம் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரே கூரைக்குக் கீழ் எட்டு ரூம், எட்டுக் கதவு, ஒரே ஒரு குழாய். ஏழு ரூமில் ஷிப்டுக்குப் போகிற குடும்பங்கள். எட்டாவதில் அக்கா தனியாக. செல்போனுக்கு உள்ளே போகிற சின்னத் தகடுகளை விளக்குக்குக் கீழே வைத்து, லென்ஸ் வழியாகப் பார்த்து, கீறலோ புள்ளியோ இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளுவது அவருடைய வேலை. பதினோரு வருஷமாக அதே ஸ்டூல். நல்லதென்றால் 'ஓகே', கெட்டதென்றால் 'ரிஜெக்ட்', சந்தேகமென்றால் 'ஹோல்ட்'. உலகத்துக்கே இந்த மூன்று சொல் போதும் என்று அக்கா முடிவு செய்திருந்தார். அதிலும் முதல் சொல்லை அவர் வாயால் கேட்டவர் எங்கள் வரிசையில் ஒருவரும் இல்லை.

தள்ளுவண்டித் தக்காளிக்காரர் எங்கள் தெருவுக்குள் நுழையும் முன் எட்டிப் பார்ப்பார். அக்கா வாசலில் நின்றால் வண்டியை அப்படியே திருப்பிவிடுவார். காரணம் உண்டு. ஒருமுறை அரைக் கிலோ வாங்க வந்த அக்கா, இடுப்பில் செருகியிருந்த பேனா சைஸ் டார்ச்சை எடுத்து ஒவ்வொரு தக்காளியாக அடித்துப் பார்த்து, கூடை முழுவதையும் இரண்டாகப் பிரித்து வைத்துவிட்டார்.

"இது ரிஜெக்ட். இதுவும் ரிஜெக்ட். இது ஹோல்ட், நாளைக்கு வந்து பாக்கறேன்."

"யம்மா, நான் தக்காளி விக்கறனா, ராக்கெட் விக்கறனா?" என்று அழாத குறையாகக் கேட்டார் அவர்.

கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று ஹவுஸ் ஓனர் அம்மா ஒருநாள் கேட்டே விட்டார். "ஏழு பேர் வந்தாங்க. ஏழும் ரிஜெக்ட்" என்றார் அக்கா. "உன்னை யாராவது ரிஜெக்ட் பண்ணாங்களா?" என்று ஓனர் அம்மா மடக்கப் பார்த்தார். "அவங்களுக்கு இன்ஸ்பெக்‌ஷன் தெரியாது" என்று சொல்லிவிட்டு அக்கா குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

இந்த மனுஷிக்குப் பக்கத்து ரூமில்தான் என் மகள் பிறந்து வந்தாள்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் தூக்கினார்கள், கொஞ்சினார்கள், மூக்கு யார் மாதிரி என்று சண்டை போட்டார்கள். அக்கா மட்டும் வாசற்படியில் நின்றார்.

"விரல் எண்ணிட்டியா?"

"இருபதும் கீதுக்கா. நீங்க தூக்குங்க."

"நான் தூக்கமாட்டேன். பாக்கத்தான் பாப்பேன். தூக்கறது வேற டிபார்ட்மெண்ட்."

எனக்கு அன்றே பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் யாரை நம்பி முறைத்துக்கொள்வது? என் அம்மா ஒரு மாதம் இருந்துவிட்டு அறுவடை என்று வாலாஜாபாத் பக்கம் திரும்பிவிட்டாள். என் கணவர் கார் கம்பெனியில் கான்ட்ராக்ட். குழந்தைக்கு ஊசி போடணும், அரை நாள் லீவு வேண்டும் என்று கேட்டால், "ஊசி உனக்கா, கொழந்தைக்கா?" என்று கேட்கிற சூப்பர்வைசர். ஆகவே ஊசிக்குப் போவது நான், தூக்குவது நான், வரிசையில் நிற்பதும் நான்.

அரசு சுகாதார நிலையத்தில் புதன்கிழமை ஊசி நாள். ஒன்றரை மாத ஊசிக்குப் போனபோது பத்து மணிக்கு உட்கார்ந்து ஒரு மணிக்கு எங்கள் முறை வந்தது. நர்ஸ் பாப்பாவின் தொடையைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், 'நார்மல்' என்று எழுதினார். முகத்தைப் பார்க்க நேரமில்லை. வெளியே இன்னும் நாற்பது அழுகை காத்திருந்தது. அந்த அம்மாவைத் திட்டி என்ன பயன்? இருந்தாலும் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. எங்கள் ஊர்க் கம்பெனிகளில் ஒரு கார்க் கதவில் தலைமுடி அகலத்துக்குக் கீறல் விழுந்தால் பத்துப் பேர் கூடி மீட்டிங் போடுவார்கள். அந்தக் காருக்குக் கதவு மாட்டுகிறவன் பெற்ற குழந்தைக்கு ஒரு நிமிஷம்தான்.

இரண்டரை மாத ஊசி போட்டுவிட்டு வந்த அன்று சாயங்காலம். பாப்பா காய்ச்சலில் சிணுங்கிக்கொண்டிருந்தாள். அக்கா வழக்கம்போல வாசற்படியில் நின்று, கேட்காமலே டார்ச்சை அடித்தார். வலது கண், இடது கண், மறுபடியும் இடது கண்.

"எடது கண்ணுல கருவிழிக்கு நடுவுல சாம்பலாட்டம் ஒரு புள்ளி கீது. பாத்தியா நீ?"

"மைக்கா. காலையில வெச்சேன்."

"மை கறுப்பு. இது வெள்ளைக்குப் போவுது. ரிஜெக்ட்."

அவர் பழக்க தோஷத்தில்தான் சொன்னார். ஆனால் என் பிள்ளையைப் பார்த்து அந்தச் சொல்! நான் ஆடித் தீர்த்துவிட்டேன். "பெத்திருந்தா தெரியும் உங்களுக்கு! ஒரு தடவ தூக்கினீங்களா என் பொண்ண? தக்காளியா அது?" மற்ற ஆறு கதவும் திறந்தன. ஓனர் அம்மா ஓடிவந்து, "இன்னாத்துக்கு அவள உள்ள வுட்ட? கண்ணு வெச்சிட்டா பாரு" என்று சொல்லி, உப்பும் மிளகாயும் எடுத்து பாப்பாவுக்குச் சுற்றிப் போட்டார். அக்கா டார்ச்சை அணைத்து இடுப்பில் செருகிக்கொண்டு தன் ரூமுக்குப் போய்விட்டார்.

நான் செய்த காரியம் என்ன தெரியுமா? பாப்பாவுக்கு மை இன்னும் தடிமனாக வைத்தேன். கன்னத்தில் ரூபாய் அகலத்துக்குத் திருஷ்டிப் பொட்டு வேறு. அக்காவோடு பேச்சு நின்றது. குழாயடியில் அவர் வந்தால் நான் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தேன். ஒரு மாதத்துக்கு மேல் இப்படிப் போனது. கோபம் ஒரு சுகம். அதற்குள் உட்கார்ந்திருக்கும்வரை எதையும் பார்க்க வேண்டியதில்லை.

மூன்றரை மாத ஊசிக்குப் போனபோது, மனசு கேட்காமல், நர்ஸிடம் கண்ணைக் காட்டினேன். "இவ்ளோ மை வெச்சா அப்டிதான் இருக்கும். தொடச்சி வுடும்மா, போயிடும்" என்றார். அட்டையில் இன்னொரு 'நார்மல்'.

வீட்டுக்கு வந்து மையை நிறுத்தினேன். தினமும் குளிப்பாட்டியதும் ஈரத்துணியால் கண்ணைத் துடைத்தேன். ஒரு வாரம் போனது. மை போய்விட்டது, புள்ளி போகவில்லை. அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். இடது கண்ணைத் துணியால் மூடினால் பாப்பா சிரித்துக்கொண்டே இருந்தாள். வலது கண்ணை மூடினால் வீறிட்டாள், இரண்டு கையாலும் துணியைத் தள்ளினாள். மறுபடி மூடினேன். மறுபடியும் வீறிட்டாள். வலது கண்ணை மூடினால் அவளுக்கு உலகமே இருட்டிப்போகிறது என்று எனக்குப் புரிந்தது.

எட்டாவது கதவைத் தட்டினேன். "அக்கா... பாப்பா கண்ணு" என்றேன். நான் மன்னிப்புக் கேட்க வாய் திறப்பதற்குள் அவர் செருப்பை மாட்டிவிட்டார்.

"டைம் வேஸ்ட் பண்ணாத. ஊசி அட்டைய எடு."

ஸ்ரீபெரும்புதூர் போகிற வழியில் ஒரு குழந்தை டாக்டரின் கிளினிக். டோக்கன் நாற்பத்து மூன்று. அக்கா அன்று ஷிப்டுக்குப் போகவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து டாக்டர் ரூம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தவர், மெதுவாக என்னிடம் சொன்னார்: "ஒரு பீஸுக்கு ஐம்பது செகண்டு. எங்க லைனை விட ஃபாஸ்ட்டா கீது."

எங்கள் முறை வந்தது. டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்தார், அட்டையைப் புரட்டினார். நான் கண்ணைப் பற்றி ஆரம்பித்தேன். அவர் எழுதிக்கொண்டே, "மை வைக்காதீங்க. குழந்தை நார்மல். நெக்ஸ்ட்!" என்றார்.

நாற்பத்து நாலாம் டோக்கன்காரர் உள்ளே வரப் பார்த்தார். வர முடியவில்லை. அக்கா வாசலை மறித்துக்கொண்டு, நிலைப்படிக்குக் குறுக்கே சம்மணம் போட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டிருந்தார். வலது கையை நேராக மேலே தூக்கியிருந்தார். கம்பெனியில் கோளாறு கண்டவர்கள் அப்படித்தான் கை தூக்குவார்கள். மொத்த வரிசையும் நின்றுவிடும்.

"லைன் ஸ்டாப்!" என்றார்.

"என்னம்மா இது? யாரு நீங்க?"

"பாக்கற ஆளு சார். அந்தக் கண்ணுல லைட்டு அடிச்சிப் பாக்காம அடுத்த பீஸு உள்ள போவாது."

"இது ஹாஸ்பிட்டல்மா. ஃபேக்டரி இல்ல."

"அதான் சார் எனக்கும் வருத்தம். ஃபேக்டரியா இருந்தா இந்நேரம் பாத்திருப்பாங்க."

வெளியே யாரோ சிரித்தார்கள். கம்பவுண்டர் வந்து அக்காவின் தோளைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். பதினோரு வருஷம் ஸ்டூலில் உட்கார்ந்து பழகிய உடம்பு அசைந்து கொடுக்கவில்லை. கடைசியில், ஒழிந்தால் போதும் என்று டாக்டர் விளக்கை எடுத்தார். வலது கண். இடது கண். மறுபடியும் இடது கண். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். அதற்கப்புறம் குரலும் மாறிவிட்டது.

"இத யாரு கண்டுபிடிச்சது?"

"எங்க கம்பெனில சொல்லிக் குடுத்தாங்க சார்" என்று சொல்லிவிட்டு அக்கா எழுந்து, புடவையைத் தட்டிவிட்டு, நாற்பத்து நாலாம் டோக்கனுக்கு வழிவிட்டார்.

வயதானவர்களுக்கு வருமே கண்புரை, அதேதான். சில குழந்தைகள் அதோடு பிறந்துவிடுமாம். மறுநாளே நானும் அக்காவும் சென்னைக்குக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே இருந்த டாக்டரம்மா ரொம்ப நேரம் பார்த்தார். ஆபரேஷன் செய்யலாம், பார்வை வரும், ஆனால் முழுசாக வருமா என்று சொல்ல முடியாது என்றார். பிறகு கேட்டார்:

"கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும். எப்போ கவனிச்சீங்க?"

அந்த மாதம் என் கண் முன்னால் வந்து நின்றது. தடித் தடியாக நான் வைத்த மை, சுற்றிப் போட்ட உப்பு, குழாயடியில் திருப்பிக்கொண்ட முகம். எல்லாம் தெரிந்த சாட்சி என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. பதினோரு வருஷத்தில் ஒரு தகட்டின் கீறலைக்கூட மறைத்து எழுதாத சாட்சி.

"போன வாரந்தான் டாக்டர்" என்றார் அக்கா. "பாத்தவொடனே தூக்கிகினு ஓடியாந்துடுச்சி இந்தப் பொண்ணு."

நான் அவரைப் பார்த்தேன். அவர் சுவரில் தொங்கிய படத்தில் பிழை தேடிக்கொண்டிருந்தார்.

ஆபரேஷன் நடந்தது. நாலு மாதக் குழந்தைக்குச் சோடாபுட்டிக் கண்ணாடி, தலையைச் சுற்றி எலாஸ்டிக். அது போதாதென்று, தினமும் சில மணி நேரம் நல்ல கண்ணை ஒட்டுப்போட்டு மூடவேண்டும். அப்போதுதான் சோம்பேறிக் கண் வேலை செய்யுமாம். ஒரு நாளைக்கு நாற்பது தடவை கண்ணாடியைப் பிடுங்கி எறிவாள். நாற்பது தடவையும் நான் மாட்டுவேன். "இத்தினியூண்டு கொழந்தைக்குக் கண்ணாடியா?" என்று பஸ்ஸில் உச்சுக்கொட்டாத ஆள் பாக்கியில்லை. அக்கா ஷிப்டு முடிந்து வந்ததும் வாசற்படியில் நின்று, "எலாஸ்டிக் எடது பக்கம் ரெண்டு மில்லி எறங்கிக்கீது" என்பார். அப்போதும் தூக்கவில்லை.

முதல் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டினோம். "இப்பவாச்சும் ஓகே சொல்லுங்களேன்கா" என்று கெஞ்சினேன். டார்ச் அடித்து நிதானமாகப் பார்த்தார். "ஹோல்ட்" என்றார். கேக்கையும் வேண்டாமென்று திருப்பிவிட்டார்.

ஏன் என்று அடுத்த மாதம் தெரிந்தது. கம்பெனியில் வருஷா வருஷம் நடக்கிற கண் பரிசோதனையில் அக்கா தேறவில்லை. யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த சர்க்கரை, கண்வரைக்கும் ஏறியிருந்தது. தக்காளி முதல் தகடு வரை எல்லாவற்றையும் பார்த்தவர் தன் கண்ணை ஒருநாளும் பார்த்துக்கொண்டதில்லை. போன வருஷப் பரிசோதனையில் அவருக்கும் யாரோ 'நார்மல்' என்றுதான் எழுதியிருந்தார்கள். பதினோரு வருஷத்துக்கு ஒரு கைக்கடிகாரம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றுதான் ஒட்டவில்லை.

குன்றத்தூரில் தங்கை வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிக்கொள்ள வந்தார். அதே வாசற்படி. பாப்பா அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாள். நல்ல கண்ணில் ஒட்டு. இடது கண் மட்டும் திறந்திருந்தது. தத்தித் தத்தி நடந்து வந்தவள் பாதி வழியில் நின்றாள், குனிந்தாள், வெள்ளைத் தரையிலிருந்து எதையோ இரண்டு விரலால் கவ்வி எடுத்தாள்.

நான் பதறி ஓடுவதற்குள் அக்கா அவள் கையைப் பிடித்துவிட்டார். விரலைப் பிரித்து, முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார். தள்ளி வைத்துப் பார்த்தார். மறுபடி கிட்டே.

"இன்னாது இது?" என்று என்னைக் கேட்டார்.

"மொளகுக்கா."

அவர் அந்த மிளகை உள்ளங்கையில் உருட்டினார். பிறகு வேறு டிபார்ட்மெண்ட் வேலையைச் செய்தார். குனிந்து, பாப்பாவைத் தூக்கி, இடுப்பில் வைத்துக்கொண்டார். தூக்கத் தெரியவில்லை, கண்ணாடி கோணிக்கொண்டது. அதை அவர் சரிசெய்யவில்லை.

"ஓகே" என்றார்.

டார்ச்சை பாப்பாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். இப்போது அவள் ஸ்கூலில் முதல் பெஞ்ச். டிபன் பாக்ஸைத் திறந்ததும் இட்லிக்கு டார்ச் அடித்துப் பார்க்கிறாள் என்று டீச்சரிடமிருந்து புகார் வந்திருக்கிறது.

அக்கா, பக்கத்தில் யாராவது இருந்தால் இதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அந்த ஒரு மாதம் உங்களோடு பேசாமல் இருந்தேனே, அதில் பேசியிருக்க வேண்டியதெல்லாம் இதுதான். பிழை இருந்தால் ரிஜெக்ட் செய்துகொள்ளுங்கள்; ஆனால் ஒருதடவை வாங்க, வாசற்படியில் நிற்காமல் உள்ளே வந்து உட்காருங்க.