மாமாவின் கடைக்கு நான் விட்ட வழி

கட்டடக் கலை படிக்கிற பையன் ஒருவன் குடும்பத்தில் இருந்தால், சொந்தக்காரர்கள் தங்கள் சுவர்களை ஒளித்து வைத்துக்கொள்வது நல்லது. என் அக்காள் கணவரான மாமாவுக்கு அது தெரியாமல் போயிற்று.

மாமா துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். துரைமார்களுக்குச் சலாம் போட்டு அலுத்துப்போய், வேலையை விட்டுவிட்டு, ராயபுரத்தில் சின்னதாக ஒரு ஜவுளிக்கடை வைக்கத் துணிந்தார். முதலாண்டு மாணவனான நான், “உள்ளே எப்படி இருக்கணும்னு நான் பார்த்துக்கறேன் மாமா” என்று மார்தட்டினேன். (அதுவரை ஒரு கோழிக்கூண்டுகூட வரைந்ததில்லை.)

சுவருக்குச் சுவர் தேக்கு மேசை. அடியில் சிமெண்டு வைத்து அசையாமல் பூசியாயிற்று. உள்ளே போக ஓரத்தில் மட்டும் ஒரு வழி. இடத்தை வீணாக்கக் கூடாதே என்று அதன் அகலத்தை என் உடம்பை வைத்தே கணக்கிட்டேன். என்னுடையது விடுதிச் சாப்பாட்டு உடம்பு. மாமாவுடையது அக்காள் சமையல்.

திறப்பு விழாவன்று காலை, புதுக் கோட்டோடு மாமா ஜட்காவிலிருந்து இறங்கினார். வண்டி சட்டென்று நிமிர்ந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. சொல்லிவிடலாமா? மாமாவின் பழைய துறைமுகத் துரை, முதல் வியாபாரத்துக்கு வந்து நின்றாயிற்று. ராகுகாலம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. எல்லாச் சாமிகளையும் வேண்டிக்கொண்டு, துணி அடுக்கும் சாக்கில் முன்னதாகவே உள்ளே போய் நின்றுகொண்டேன்.

மாமா பக்கவாட்டில் நுழைந்தார். பாதி வந்தார். நின்றுவிட்டார்.

“இன்னாடா இது? வழி உட்டுக்கீறியா, சும்மா கோடு கிழிச்சிக்கீறியா?”

“கொஞ்சம் மூச்சை இழுங்க மாமா.”

“இழுத்துக்கினுதான்டா கீறேன்!”

அக்காள் விளக்குக்கு வைத்திருந்த எண்ணெயைக் கொண்டுவந்து ஊற்றினாள். கோட்டுதான் நனைந்தது. வாசலில் நின்ற மீனவர்கள் படகு தள்ளுவதுபோல் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். மாமா இன்னும் இறுகினார். துரை கடிகாரத்தைப் பார்த்தார். நான் ஒரு கைக்குட்டையை எடுத்து அவரிடம் நீட்ட, மாமா இருந்த இடத்திலிருந்தே கையை நீட்டிக் காசை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். போணி ஆயிற்று. பிறகு என் பக்கம் தலையைத் திருப்பினார்.

“நான் வெளிய வர்றதுக்குள்ள மரியாதையா ஓடிப் பூடு.”

“எப்படி மாமா ஓடறது? வழியிலதான் நீங்க நிக்கறீங்களே!”

கடைசியில் தச்சர் ரம்பத்தோடு வந்தார். அந்த வைரம் பாய்ந்த தேக்கை அவர் அறுத்து முடிக்கும்வரை, மாமாவின் பார்வையில் நான் அரைபட்டுக்கொண்டிருந்தேன். மறுநாளிலிருந்து ஊரே வேடிக்கை பார்க்க வந்தது. வந்தவர்கள் வேட்டியும் வாங்கிப் போனார்கள். பிழைத்தேன்.

பிறகு நான் படித்து முடித்து எத்தனையோ வீடுகள் கட்டிவிட்டேன். இன்றைக்கும் சொந்தத்தில் யாருக்காவது வீடு கட்டிக் கொடுத்தால், கிரகப்பிரவேசத்தன்று பசுவை வாசலிலேயே நிறுத்திவிட்டு, முதலில் மாமாவை உள்ளே அனுப்புகிறாள் அக்காள்.

“அவுரு நொழஞ்சிட்டாருன்னா, மாடு தானா நொழஞ்சிடும்!”